ஏழாவது கோடு

"கதவு நிலையில கை வைக்காதீங்க தம்பி."

பெயின்டரின் கையில் உப்புத்தாள் அந்தரத்தில் நின்றது. "என்னக்கா, வெறும் பென்சில் கிறுக்கல். இதுக்குமா மாலை போடணும்?"

சமையலறைக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள் அவள். முப்பது வருடமாக அந்த மாளிகையைப் பெருக்கித் துடைப்பவள். வீட்டுக்காரத் தம்பதி காலமானபின் வீடு அறக்கட்டளையின் கைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் பொதுமக்கள் பார்க்கத் திறக்கிறார்கள். பழைய ஆட்களில் பின்கட்டு அறையில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான்.

"இங்க என்ன பஞ்சாயத்து?" பத்திரக் கோப்பை அணைத்தபடி வந்தாள், வேலையை மேற்பார்க்கும் பொறியாளர்.

"நீங்க சொன்ன விதிதான் மேடம். வீட்டுக்காரங்களோடது இருக்கணும், மத்தவங்க சேர்த்ததெல்லாம் போகணும். இது யார் போட்டதோ. அக்கா சுரண்ட விடமாட்டேங்கிறாங்க."

பொறியாளர் குனிந்து பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு கோடுகள். "பிள்ளையோட உயரம் அளந்திருக்காங்க. யார் பிள்ளைக்கா?"

கடைசியாகத் தன்னிடம் யார் கேள்வி கேட்டார்கள் என்றே அவளுக்கு நினைவில்லை.

"வீட்டுக்காரங்க பிள்ளைதாம்மா. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் இங்க நிக்க வச்சு அளப்போம். சரியான கள்ளன். குதிகாலைத் தூக்கிக்குவான். தலையில ஒரு தட்டுத் தட்டி இறக்கணும்."

"ஏழோட நின்னுடுச்சே?"

"அதுக்கு மேல அவன் வளரல."

பெயின்டர் உப்புத்தாளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன்க்கா வாயைக் கொடுக்கப்போறேன்," என்று முணுமுணுத்தபடி அடுத்த அறைக்கு நகர்ந்தான்.

பொறியாளர் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓர் அட்டையை எடுத்து, 'இந்த வீட்டுப் பிள்ளையின் உயரம். தொடாதீர்கள்' என்று எழுதி நிலையோரம் ஒட்டினாள்.

கதவருகே நின்றவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"அக்கா, உயிலோட முதல் வரி என்ன தெரியுமா?" பொறியாளரின் குரல் தணிந்திருந்தது. "'எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் இந்த வீட்டை ஊருக்கே கொடுக்கிறோம்.'"

அவள் தலை கவிழ்ந்தது.

"உங்க பையன் பேரைச் சொல்லுங்க, அட்டையில இடம் விட்டிருக்கேன்."