மிஸஸ் ஆல்ட்ரிச்சின் குடை

“நாலு இன்னிங்ஸ் முடிஞ்சுடுச்சும்மா. அந்தக் குடை விஷயத்துல கொஞ்சம் மனசு வைங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

ஹார்லன்வில் பேஸ்பால் அணியின் மேனேஜர் ராஃபர்ட்டி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்வையாளர் வரிசையில் இருந்த மிஸஸ் ஆல்ட்ரிச்சிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். நடுவர் முன்னால்கூட ஒருநாளும் குனிந்ததில்லை.

அந்த அம்மாள் மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் பைபிள், பக்கத்தில் கறுப்புக் குடை.

1909-இல் ஒஹாயோவில் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆடுவது சட்டப்படி குற்றம். அதற்காக யாரும் ஆடாமல் இருந்தார்களா என்ன? ஆலைத் தொழிலாளிக்கு இருக்கிற ஒரே ஓய்வு நாள் அதுதான். யாராவது புகார் சொன்னால் ஒழிய கான்ஸ்டபிள் ஓட்டோவும் கண்டுகொள்ள மாட்டார். வேர்க்கடலை தின்றபடி வேலியோரம் நிற்பார்.

புகார் சொல்ல ஊரில் ஒரே ஓர் ஆள்தான். தேவாலய மூப்பரின் விதவையான மிஸஸ் ஆல்ட்ரிச். பாவத்தைக் கண்ணால் பார்க்காமல் புகார் சொல்வது தப்பாம். அதனால் ஞாயிறு தவறாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் குடையைத் தூக்கினால் போதும், ஓட்டோ மைதானத்துக்குள் இறங்குவார். ஆட்டம் அவ்வளவுதான்.

இந்த சீசனில் மூன்று ஞாயிறு அப்படி நின்றது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது முடிவதற்குள் நின்றதால் மூன்று ஆட்டமும் கணக்கிலேயே வரவில்லை. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாரே என்று ராஃபர்ட்டி மூன்று முறையும் தையத்தக்கா என்று குதித்தார். அதிலிருந்து ஞாயிறுதோறும் அந்த அம்மாளிடம் வந்து, நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சுவது அவர் வழக்கமாகிவிட்டது. மற்ற ஞாயிறுகளில் அந்த அம்மாள் கடைசிவரை கம்மென்று உட்கார்ந்திருப்பார். ஏன் இப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. மூட்டுவலி எடுக்கிற ஞாயிறு குடை மேலே போகிறது என்று ஊரில் பேச்சு.

இன்று சீசனின் கடைசி ஆட்டம். லீக் பட்டியலில் டன்பார் அணியைவிட ஹார்லன்வில் ஒரு மயிரிழைதான் முன்னால். இன்று அதே டன்பாரிடம் தோற்றால் சாம்பியன் கொடி அவர்களோடு ரயில் ஏறிவிடும். ராஃபர்ட்டி இருபத்திரண்டு வருஷமாக பேஸ்பாலில் உழல்கிறவர். ஒரு கொடியைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. இந்தக் கொடி கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் வேறு மேனேஜர் என்று அணியின் முதலாளி காலையில்தான் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

எதிர்ப்பக்கம் டன்பார் மேனேஜர் பென்ரோஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். குடையின் கதை அவருக்கும் தெரியும்.

“நல்லாக் கெஞ்சு ராஃபர்ட்டி. எனக்கும் சேர்த்துக் கெஞ்சு” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். ராஃபர்ட்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நடுவர் ஐந்தாவது இன்னிங்ஸுக்கு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ராஃபர்ட்டி இன்னும் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“இந்த இன்னிங்ஸும் முடிஞ்சா ஆட்டம் செல்லுபடியாகிடும்மா. அவங்க ஆறு, நாங்க சைபர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இப்பவே குடையைத் தூக்கிடுங்க.”

மிஸஸ் ஆல்ட்ரிச் பைபிளைத் திறந்தார். ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்து வைத்திருந்த ஸ்கோர் அட்டையை உள்ளேயிருந்து எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி செருகினார். பிறகு குடையை எடுத்து பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

“ஜெயிச்சிருப்போம்னு குதிச்சீங்களே, நான் தூக்கின மூணு ஞாயிறும் நாம தோத்துட்டுத்தான் இருந்தோம். ஆனா கொடியை ஆடித்தான் வாங்கணும் மிஸ்டர் ராஃபர்ட்டி. அவங்க பந்து வீசுறவன் களைச்சுட்டான், மூணாவது இன்னிங்ஸ்லேர்ந்து பந்து கீழே இறங்காம அடிக்க வாகா மேலேயே வருது. போய் நம்ம பசங்களை அடிக்கச் சொல்லுங்க.”