தேதி போடாத கடிதம்

"என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் குடுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே பேச்சியம்மாளிடம் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் 'இஃப்' போட்டு ஆரம்பித்த ஆங்கில வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சாக்பீஸ் கையோடு தாளாளர் அறைக்கு வந்து நின்றாள். நாளைக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு.

தாளாளர் ஞானதுரை சிரித்தார். "ரிசல்ட் நல்லா வந்தா தாரேன். உங்களுக்குப் பதிலா ஆள் கிடைச்சா தாரேன்."

"மூணு வருசமா இதத்தான சொல்லுதீங்க. ஒரு 'இஃப்' முடிஞ்சா அடுத்த 'இஃப்' வருது."

அவர் முகம் மாறியது. பீரோவைத் திறந்து அவளுடைய கோப்பை மேசையில் போட்டார். உள்ளே அவளுடைய சர்ட்டிபிகேட்டுகள்; அவற்றுக்கு மேலாக ஒரு ராஜினாமாக் கடிதம். சேரும்போதே எல்லா ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். தேதி மட்டும் இருக்காது.

"வேலைய விட்டாதான் சர்ட்டிபிகேட். நான் இதுல ஒரு தேதியப் போட்டேன்னு வைங்க, நாளைக்கே நீங்க ஆடு மேய்க்கப் போயிர வேண்டியதுதான். தெரியும்லா?"

"எங்கப்பா மேய்க்காரு சார். அந்த ஆட்ட வித்துதான் படிச்சு இந்தச் சர்ட்டிபிகேட்டெல்லாம் வாங்குனேன்."

மேசையிலிருந்த அவருடைய பேனாவை எடுத்து, அன்றைய தேதியை அவளே எழுதினாள். கடிதத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டாள்.

"மிஸ், நில்லுங்க! சரிபார்ப்புல உங்களக் கழிச்சுட்டா என்ன செய்வீங்க?"

அவள் திரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் பேனாவைப் பிடித்தபடி, மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள். பேச்சியம்மாள் வகுப்பைத் தாண்டி நடந்து கேட்டைத் திறந்தாள்.