முக்கோணக் கல்

பங்குச் சாமியார் சீமையிலிருந்து வரவழைத்துக் கொடுத்த, கட்டடம் கட்டி விளையாடும் பொம்மைக் கற்களைப் பிள்ளைகளைத் தொடவிடாமல், பாக்கியநாதனே கோர்ட்டுக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறான். சாணி மெழுகிய தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. முகப்பில் ஒரு தூணை நிறுத்தினால் இன்னொன்று சாய்கிறது. கற்கள் வந்த பெட்டிமேல் இருக்கும் படத்திலோ எல்லாத் தூண்களும் சிப்பாய்களைப் போல விறைத்து நிற்கின்றன. ஓட்டுச் சந்தில் இறங்கும் வெயில் அவன் பிடரியைச் சுடுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு கையை எடுக்கிறான். கடைசித் தூணும் நின்றுவிட்டது. இனி உச்சியில் வைக்கிற சிவப்பு முக்கோணக் கல்தான் பாக்கி. அது பெட்டியில் இல்லை. பாயை உதறுகிறான், உரலுக்குப் பின்னால் துழாவுகிறான். சாயங்காலம் சாமியார் கட்டடத்தைப் பார்க்க வருகிறார்.

“இந்த ஊட்ல ஒரு சாமானாவது வெச்ச எடத்துல இருக்குதா?” என்று கத்துகிறான்.

புறக்கடையில் சரக் சரக்கென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நிற்கிறது. மனைவி ஜெபமலர் புளி அப்பிய கையோடு நிலைப்படியில் வந்து நிற்கிறாள்.

“செவப்பா, மூணு மூலையாங்க? பாய்க்கடியில கெடந்துதுங்க. செங்கல் துண்டுன்னு இடிச்சுப் போட்டனுங்க. சாமியார் வாராருன்னு வெளக்குத் தண்டு தேய்க்க...”

அவளுக்குப் பின்னால், துவைக்கிற கல்மேல், பித்தளை மெழுகுவத்தித் தண்டு வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. அந்த வீட்டில் எதுவும் இவ்வளவு பளபளத்து அவன் பார்த்ததே இல்லை.