ஈர வேட்டி

நிலவறை வீட்டில் துணி காயப்போட இடமில்லை என்று தயாபரன் மலிவாய்ப் பார்த்து வாங்கிய குட்டி ட்ரையர், குளிர் தொடங்கியதும் சண்டித்தனம் பண்ணியது. உருளை சுற்றியது, சூடு மட்டும் வரவில்லை. அதன் பின்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்த செய்தி வந்தது. அகதி வழக்கு முடியாததால் மூத்தவனான அவனால் இந்த நாட்டைவிட்டுப் போக முடியாது. கொள்ளி வைப்பது தம்பி என்று முடிவானது.

செத்தவீட்டன்று விடியவே எழும்பி, எரிந்துபோன ஃபியூஸை மாற்றி மூடியைத் திருகினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு தலையில் குளிர்ந்த தண்ணீரை வார்த்துக்கொண்டு, கொள்ளிக்குரியவன் நிற்பதுபோலவே ஈர வேட்டியோடு வீடியோ அழைப்பில் இருந்த போனுக்கு முன்னால் நின்றான்.

சுடலையில் தம்பி சிதைக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டி நெருப்பு வைத்தான்.

“திரும்பிப் பாராமல் நட, தம்பி,” என்றது ஒரு முதிய குரல்.

அங்கே போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்த மச்சானும் கூடவே நடந்தான். திரையில் வீட்டுக்குப் போகும் செம்மண் ஒழுங்கைதான் தெரிந்தது. சிதை பற்றி எரிந்ததைத் தயாபரன் காணவேயில்லை.

நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு மாற்றுடுப்பைக் கொடுத்துவிட்டு, மனைவி வதனி அந்த வேட்டியை ட்ரையருக்குள் போட்டாள். அவன் படிப்பக்கம் பார்த்து நின்றான். முதுகுக்குப் பின்னால் உருளை சுழலும் சத்தம் கேட்டது.

“இஞ்சேருங்கோ, சூடு வருது,” என்றாள் அவள், கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தபடி. “வந்து பாருங்கோவன்.”

பிடரியில் வெக்கை பட்டது. தயாபரன் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனான்.