கரையான் வீட்டுக் குடியுரிமைச் சான்று

குடியுரிமைச் சான்று இல்லாதவர்கள் காட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். கரையானுக்குக் கவலையே இல்லை. அதன் சான்று புற்றுக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் காலையில் எடுக்கப் போனால் ஓர் ஓரம்தான் மிச்சம். பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தன.

கரையான் அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடியது.

"சேதமானாலும் பரவாயில்லை, அசலைக் கொண்டா," என்றது குமாஸ்தா ஆமை.

"அசல் பிள்ளைங்க வயித்துல இருக்குங்கய்யா."

"எத்தனை பிள்ளைங்க?"

"ஒரு நாலாயிரம் இருக்கும்ங்க."

ஆமை பெருமூச்சு விட்டது. "பழைய பதிவேட்டுல உன் தாத்தா பேரு இருக்கான்னு பார்க்கிறேன். இல்லைன்னா நாளைக்கே நீ கிளம்ப வேண்டியதுதான்."

அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்து வந்து திறந்தது. அட்டை மட்டும் கையில் நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் மண்ணாக மேசையில் கொட்டியது.

கரையான் அந்த மண்ணைக் கொஞ்சம் முகர்ந்து பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு சொன்னது: "தாத்தா வேலைதாங்கய்யா."

ஆமை மண்ணை ஓரமாக ஒதுக்கியது. பிறகு, 'மூன்று தலைமுறையாக இதே காட்டில் வசிப்பு' என்று புதுச் சான்று எழுதிக் கொடுத்தது, இந்தத் தடவை கருங்கல்லில்.