டப்பாவுக்குள் வந்த டூத்பிரஷ்

ஓவியரின் டப்பாவுக்குள் ஒரு பழைய டூத்பிரஷ் வந்து நின்றதுமே அணில்முடித் தூரிகைக்குச் சந்தேகம் தட்டியது. கடையிலிருந்து நேரே இந்த டப்பாவுக்கு வந்த மானஸ்தன் அது.

“இதுக்கு முன்னாடி எங்கே இருந்தே?”

“பல் தேய்ச்சேன் அண்ணே. அப்புறம் தையல் மிஷின்ல பஞ்சு தட்டினேன். கடைசியா சைக்கிள் செயின்.”

‘மூணு இடத்துலயும் துரத்தியிருக்காங்க. கை சுத்தமில்லாத பயல்தான்’ என்று முடிவுகட்டிய அணில்முடி, வெள்ளை வண்ணம் களவு போகாமல் ஒரு கண் வைத்துக்கொண்டது.

மேசையில் மழை ஓவியம் மூன்று நாளாக முடியாமல் கிடந்தது. அணில்முடி வரைந்த மழையெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலவே இருந்தது.

அன்று ஓவியர் டூத்பிரஷை வெள்ளையில் தோய்த்து, அதன் கோணல் முடிகளைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டார். ஓவியத்துத் தெருவெங்கும் தூறல் விழுந்தது.

“இந்த வித்தையை யார்கிட்டடா திருடினே?”

“திருடலண்ணே. கண்ணாடியில நுரை தெறிச்சுது, திட்டினாங்க. வேட்டியில செயின் எண்ணெய் தெறிச்சுது, தூக்கிப் போட்டாங்க. பொறுக்கிட்டு வந்த இவர் சட்டையிலயும் தெறிச்சுது. இவர் மட்டும் சிரிச்சார்.”

அணில்முடி ஒரு சொல்லையும் நம்பவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டது:

“அந்த சைக்கிள் செயின் இப்ப எங்கேடா இருக்கு?”