தவளையா, கொக்கா?

"பெங் அண்ணே, கண்ணைத் திறந்துக்கிட்டுதான் இதைத் தேர்ந்தெடுத்தீங்களா?" என்று கேட்டாள் யூலிங்.

சீனாவின் யிவூ நகரத்தில் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏற்றுமதி செய்கிற ஆபீஸ் எங்களுடையது. வாங்குகிறவர்கள் அமெரிக்காவில். அவர்கள் புழங்கும் இணையதளங்களுக்கோ இங்கே தடை. அந்தத் தடைச்சுவரைத் தாண்ட கம்ப்யூட்டரில் ஒரு ப்ராக்ஸி மென்பொருள் வேண்டும். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் ஏணி.

பழைய ஏணி முறிந்துபோனதும், புதியதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளியம்மா பெங் அண்ணனிடம் விட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்றின் சின்னம் கொக்கு, இன்னொன்றின் சின்னம் தவளை.

கொக்கு, ஒரு வழியில் நெரிசல் என்றால் தானாகவே வேறு வழிக்கு மாறிக்கொள்ளும். தவளைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பகலில் ஓடும். சாயங்காலம் ஊரே ஏணியில் ஏறுகிற நேரத்தில் படுத்துவிடும்.

பெங் அண்ணன் தவளையை எடுத்திருந்தார்.

"ஏன்ணே?"

"லேசா இருக்கு. கம்ப்யூட்டருக்குப் பாரம் இல்ல."

அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

தினமும் ஆறு மணி வாக்கில் தவளை உயிரை விடும். முதலாளியம்மா கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிப் பார்ப்பார். பெங் அண்ணனுக்குத் தனி அர்ச்சனை நடக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

"சரி, போய்த் தொலைங்க. காலையில பார்த்துக்கலாம்."

நாங்கள் படியிறங்கும்போதே பெங் அண்ணனைத் திட்ட ஆரம்பித்து, பஸ் வரும்வரை திட்டுவோம்.

ஒருநாள் மதியம், நூடுல்ஸ் கடையில் பக்கத்து ஆபீஸ் சென் ஹாவ் சிரித்தான்.

"இன்னுமா தவளை? எங்க கொக்கு நேத்து எட்டு மணிக்குக்கூடப் பறந்துச்சு."

நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

யூலிங் தலைமையில் எல்லோரும் முதலாளியம்மாவிடம் போனோம்.

"கம்பெனி மானம் போகுதும்மா. பெங் அண்ணனுக்கு விவரம் பத்தாது. எங்களால இப்படி அரைகுறையா வேலை பார்க்க முடியல."

முதலாளியம்மா நெகிழ்ந்துபோனார். "உங்களுக்கு இவ்வளவு அக்கறையா? நானே கேட்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

மறுநாளே கொக்கு வந்தது. பெங் அண்ணன் கீழே கிடங்குக்கு மாற்றப்பட்டார், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கொக்கு ஜம்மென்று பறந்தது. பழக்கதோஷத்தில் நாங்கள் பையை எடுத்தோம்.

"எங்க கிளம்பறீங்க?" என்றார் முதலாளியம்மா. "அமெரிக்காக்காரன் இப்பதான் கண் முழிக்கிறான். இணைப்பு இருக்கிற வரைக்கும் உட்காருங்க. இனிமே தினமும் இப்படித்தான்."

யூலிங் வீட்டுக்குப் போன் செய்தாள். "அம்மா வர ராத்திரியாகும்டா கண்ணு. நீ சாப்பிட்டுத் தூங்கிடு."

கிடங்கைப் பூட்டிவிட்டு, சாவியை மாட்ட மேலே வந்தார் பெங் அண்ணன். யூலிங் அவர் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"அண்ணே, தவளை சாயங்காலம் படுத்துடும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும், யூலிங்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நான் சோதிச்சுப் பார்த்ததே அதுக்குத்தானே."